இடது பின் மூலை

பேக்கரிக்காரரின் கார் பட்டறைக்குள் வந்து நின்று அன்றோடு முப்பத்திரண்டு நாள். அதில் முதல் மூன்று நாள் தம்பி இருந்தான். மீதி நாள் முழுக்க அக்கா அந்தக் காரின் பின்கதவைத் திறக்கவே இல்லை. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் கார் முதுகுப் பக்கம் வரும்படி ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து விழுந்தது. பரவாயில்லை என்று தைத்தாள்.

அவள் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவள். தம்பி வண்டிகளுக்குள் ஸ்பீக்கர் வைப்பவன். இரண்டு பேருக்கும் ஒரே ஷெட். முன்பக்கம் துணியும் ஸ்பாஞ்சும், பின்பக்கம் ஒயரும் மரத்தூளும். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

பேக்கரிக்காரர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். நாற்பது வயது தாண்டி வாங்கிய முதல் கார். பின் சீட்டின் இடது பாதியை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்துக்குள் அச்சாகப் பொருந்துகிற மாதிரி ஒரு சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி வேண்டும் என்று வந்தார்.

"சீட்டை எடுத்துட்டா அப்புறம் யாராவது வந்தா எங்க உட்காருவாங்க?" என்று தம்பி கேட்டான்.

"எனக்குப் பின்னாடி உட்கார யாருங்க இருக்கா? பெட்டியாவது உட்காரட்டும்."

அவர் போன பிறகு தம்பி வெகு நேரம் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாவம்க்கா. இவருக்கு மட்டும் கொஞ்சம் நல்லா செஞ்சு குடுக்கணும்," என்றான். மற்றவர்களுக்கெல்லாம் மோசமாகவா செய்தோம் என்று அவள் கேட்டாள். அவன் சிரித்தான்.

அந்த வேலையில் முதல் படி டேப். காரின் தரையிலும் சக்கர மேட்டின் மீதும் பேப்பர் டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். ஒரு வரிசை நீளவாக்கில், அதன்மேல் இன்னொரு வரிசை குறுக்குவாக்கில். பிறகு ஃபைபர் ஷீட்டைத் துண்டு துண்டாகப் போட்டு, ஹார்டனர் கலந்த ரெசின் பிசினைப் பிரஷ்ஷால் ஊற வைத்து, அஞ்சு கோட். காய்ந்தால் டேப்பும் சேர்ந்து ஆமை ஓடு மாதிரி ஆகிவிடும். அந்த ஓட்டை அப்படியே பெயர்த்து வெளியே எடுத்தால் பெட்டியின் அடிப்பாகம் தயார். டேப்பில் ஒரு இடம் விட்டுப்போனாலும் ரெசின் அதன் வழியாக இறங்கி கார்ப்பெட்டையும் தகரத்தையும் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வண்டியில் அப்படி ஆகி, இரண்டு நாள் உளி வைத்துத் தட்டி, கடைசியில் ஓடு ஏழு துண்டாக வந்தது. அன்றிலிருந்து டேப் ஒட்டுவது அக்காவின் வேலை. "துணி வெட்டுற கை. இடைவெளி விடாது," என்பான் தம்பி.

அந்தக் கைதான் விட்டது. தெரிந்தே விட்டது.

அது ஒரு திங்கட்கிழமை. காலையில் ஒரு வாடிக்கையாளர் சீட் கவர் வாங்க வந்தார். விளிம்புத் தையல் ஓரிடத்தில் விரற்கடை கோணியிருந்தது. அவர் சொல்வதற்கு முன்னால் தம்பி முந்திக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்க சார், எங்கக்காவுக்கு இப்பெல்லாம் நேர்கோடே கோணலாத்தான் தெரியுது. மாத்தித் தந்துடுறோம்," என்றான். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கோபம் வாயில் வராமல் கையில் போய் உட்கார்ந்துகொண்டது.

மத்தியானம் பேக்கரிக்காரரின் காருக்குள் குப்புறப் படுத்து டேப் ஒட்டினாள். இடது பின் மூலை, சக்கர மேடு தரையோடு சேர்கிற இடம், கை எட்டாத சந்து. அங்கே முதல் வரிசை போட்டாள். இரண்டாவது வரிசை போடவில்லை. ஒரு சாண் அகலம் இருக்கும். கண்ணு தெரிஞ்சவன் நீயே பாத்துக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் கோபம் ஆறினால் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். ஆறவில்லை. போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவன் தனியாக இருந்து ரெசின் வேலையை முடித்திருக்கிறான். மறுநாள் காலை, மழையில், பட்டறைக்கு வருகிற வழியில், வளைவில் பைக் சறுக்கியது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். அவளும் அழுதாள். அழுகிற நேரத்திலும் அந்த ஒரு சாண் இடம் கண்ணுக்குள் நின்றது. அவன் கடைசியாகச் செய்த பொருள் அந்தக் காருக்குள் இருக்கிறது. அது முழுசாக வருமா, துண்டு துண்டாக வருமா என்பது அவள் கையால் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இதை யாரிடம் சொல்வது?

பேக்கரிக்காரர் நல்ல மனிதர். முதல் இரண்டு வாரம் எட்டிப் பார்க்கவே இல்லை. பிறகு இரண்டு நாளுக்கு ஒரு தடவை பன் பாக்கெட்டோடு வந்து நின்றார். காரைப் பற்றிக் கேட்காமல் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். முப்பத்திரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, பாக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க. வேற ஒரு பட்டறையில கேட்டேன். நாளைக்குக் கொண்டு வாங்க, உள்ள இருக்கறதை கிரைண்டர் வச்சு அறுத்துப் போட்டுட்டுப் புதுசா செஞ்சுடலாம்னு சொல்றாங்க. எனக்கு மனசே இல்லைங்க. ஆனா ஒரு மாசமா சரக்கையெல்லாம் சைக்கிள்லயே..."

"அறுக்க வேண்டாம்," என்றாள். சொன்ன வேகம் அவளுக்கே திடுக்கென்றது. "இன்னைக்கு நானே எடுத்துடுறேன். மேல் வேலையும் நானே முடிக்கிறேன். சாயங்காலம் வந்து பாருங்க."

அவர் போனதும் பக்கத்து ஷெட்டில் வண்டிகளுக்கு ஸ்ப்ரே அடிக்கும் பெயிண்டரைக் கூப்பிட்டாள். தம்பியைவிட நாலு வயது மூத்தவர். தம்பியோடு தினமும் டீ குடித்தவர். எதையும் விளையாட்டாகப் பேசுகிறவர், இந்த ஒரு மாசமாக அதையும் நிறுத்தி வைத்திருந்தார்.

"வரும்மா, ஏன் வராது? உன் டேப் மேல அவன் அவ்வளவு நம்பிக்கை வச்சிருந்தான்," என்றபடி கம்ப்ரஸரின் காற்று ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தார்.

அது அவளை ஊசி மாதிரி குத்தியது.

பின்கதவைத் திறந்ததும் ரெசின் வாசனை முகத்தில் அடித்தது. ஒரு மாசம் அடைந்து கிடந்த வாசனை. அவன் சட்டையிலும் தலையிலும் எப்போதும் இருந்த வாசனை. அவள் ஒரு நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயிண்டர் ஹோஸில் இல்லாத சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார்.

காருக்குள் ஓடு மங்கலாக, அழுக்குத் தேன் நிறத்தில் தெரிந்தது. அதன் அடியில் இருட்டு. ஒன்றும் தெரியவில்லை.

வலது பக்கம் ஆரம்பித்தார்கள். மழுங்கிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்புக்குள் செருகி, அந்த இடைவெளியில் பெயிண்டர் காற்றைப் பீய்ச்சினார். ஓடு முனகியது. பிறகு 'பட்' என்று ஒரு சத்தம். அவள் தகட்டைச் சட்டென்று வெளியே இழுத்தாள்.

"பயப்படாதே, அது விடுற சத்தம்தான். உடையற சத்தம் வேற மாதிரி இருக்கும்."

"எப்படி இருக்கும்?"

"கேட்டா தெரியும். கேக்க வேண்டாம்."

வலது விளிம்பு, முன் விளிம்பு, சக்கர மேட்டின் தலை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. முக்கால் மணி நேரத்தில் ஓடு முழுக்க ஆடியது. ஒரு இடத்தைத் தவிர.

"இந்தப் பின் மூலை மட்டும் பிடிச்சுட்டு நிக்குது," என்றார் பெயிண்டர். "என்ன இது? இங்க மட்டும் என்ன?"

அவள் அந்த மூலையின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"கொஞ்சம் பலமா இழுக்கட்டுமா?"

"வேண்டாம்! வேண்டாம்ணே. இருங்க."

"இழுக்காம எப்படிம்மா வரும்? இதென்ன, பாட்டுப் பாடினா எழுந்து வருமா?"

ஒரு மாசத்தில் அவர் சொன்ன முதல் விளையாட்டுப் பேச்சு அது. அவள் சிரித்திருக்க வேண்டும். பதிலாக, "அந்த இடத்துல டேப் ஒத்தை வரிசைதான் இருக்கு," என்றாள்.

"தெரியாம விட்டுட்டியா?"

"தெரிஞ்சேதான் விட்டேன். அன்னைக்கு அவன் மேல கோபம். வேணும்னே விட்டேன்."

பெயிண்டர் ஹோஸைக் கீழே வைத்தார்.

"இதையா ஒரு மாசமா உள்ள வச்சு அரைச்சுட்டிருக்கே?"

"ம்."

"சரி. நகரு. வந்தா வருது, வராட்டி வராம போகுது. இங்கயே உட்கார்ந்து உருகறதுக்கு நீ ஒண்ணும் மெழுகுவத்தி இல்ல."

அவள் நகரவில்லை. குப்புறப் படுத்து, அன்று படுத்த அதே இடத்தில் தோளை நுழைத்து, தகட்டைச் சந்துக்குள் அவளே செருகினாள். ஒரு கையால் ஓட்டின் விளிம்பைத் தாங்கிக்கொண்டாள், குழந்தையின் கழுத்தைத் தாங்குவது போல. பெயிண்டர் அவள் தலைக்கு மேலாகக் காற்றை விட்டார். தகடு ஒரு அங்குலம் போனது. நின்றது. இன்னொரு அங்குலம். உடையற சத்தம் எப்படி இருக்கும் என்று காது அதையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. நூல் நூலாக ஏதோ பிரிகிற சத்தம் வந்தது, பழைய தையலைப் பிரிக்கிற மாதிரி. பிறகு, எந்தச் சத்தமும் இல்லாமல், மூலை மேலே எழுந்தது.

"வந்துருச்சு!" என்று பெயிண்டர் கத்தியதில் காரே அதிர்ந்தது. "ரெசின் பிடிக்கலம்மா. டேப்போட பசைதான் சூட்டுல இறுகி நின்னிருக்கு."

இரண்டு பேருமாக ஓட்டைக் கதவு வழியாகச் சாய்த்து வெளியே எடுத்து, ஷெட் வாசலில் வெயிலுக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். ஒரு விரிசல் இல்லை. வெயில் ஓட்டுக்குள் புகுந்ததும் மங்கலாக இருந்தது தெளிந்தது. ஷீட்டின் நார்கள் தெரிந்தன, அவற்றுக்கு அடியில் டேப் வரிசைகள் தெரிந்தன. அவள் ஒட்டியவை சீராக, தையல்காரியின் கணக்கோடு. பின் மூலையில் மட்டும் டேப் கோணல்மாணலாக, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வரிசை. அது அவன் ஒட்டியது. துணி வெட்டத் தெரியாத கை.

அவன் பார்த்திருக்கிறான்.

அந்தக் கோணல் டேப்பின் மேல் பென்சில் எழுத்து இருந்தது. அது அவன் பழக்கம். காதில் செருகிய பென்சிலை எடுத்து, கையில் கிடைத்த டேப்பில் எழுதுவான். அளவு, போன் நம்பர், பால் பாக்கி, எல்லாம். மார்க்கர் என்றால் ரெசினில் கரைந்து ஓடிவிடும், பென்சில் நிற்கும் என்பான். நிற்கும்தான், ஆனால் அடுத்த மணி நேரத்தில் அதன்மேலேயே ஷீட்டைப் போட்டு மூடிவிடுவான். "கரண்ட் பில் கட்டுற தேதி எவனோ ஒருத்தன் வண்டியில ஊர் சுத்திட்டிருக்கு," என்று அவள் எத்தனை முறை திட்டியிருக்கிறாள்!

அவள் குனிந்தாள். எழுத்து கலங்கியது. கண்ணீர் என்று நினைத்துத் துடைத்தாள். துடைத்த பிறகும் கலங்கியது.

"என்ன எழுதியிருக்குண்ணே? எனக்குத் தெரியல. படிங்க."

பெயிண்டர் முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

"'டேப் விட்டது அக்காவுக்குத் தெரியல. புதன், கண் டாக்டர். கேட்டா வர மாட்டா. கேக்காம கூட்டிட்டுப் போ.'"

படித்து முடித்ததும் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் வாசல் படியில் உட்கார்ந்தாள். அவன் கோபப்பட்டிருக்கலாம். மறுநாள் வந்து சண்டை போடலாம் என்று வைத்திருந்திருக்கலாம். இந்த ஒரு மாசத்தில் அவள் அப்படியெல்லாம் நினைத்துப் பார்த்திருந்தாள். அவள் வேண்டுமென்றே செய்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை என்பதை மட்டும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அது ஆறுதலா, இன்னொரு அடியா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் வலித்தது.

"அந்த மூலையை மட்டும் பதமா அறுத்துக் குடுக்கட்டுமா?" என்று பெயிண்டர் கேட்டார். "வீட்ல வச்சுக்கோ. பேக்கரிக்காரருக்கு வேற துண்டு போட்டு அடைச்சுக்கலாம்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள்.

"வேண்டாம்ணே. ஒட்டுப் போட்டா காத்து கசியும். சவுண்டு கெட்டுப்போகும். அவன் திட்டுவான்."

சாயங்காலம் பேக்கரிக்காரர் வந்தபோது ஓடு சுவரில் சாய்ந்திருந்தது. தம்பி ஸ்பீக்கருக்காக ஏற்கெனவே அறுத்து வைத்திருந்த மர வளையத்தை அதன் வாயில் பொருத்திப் பார்த்து, மேலே இழுத்துக் கட்ட வேண்டிய துணியை அவள் அளந்துகொண்டிருந்தாள். ஸ்டூல் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது.

"அட! உடையாம முழுசா வந்துருச்சா?" அவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூலையில் இருந்த எழுத்தையும் பார்த்தார். "இது என்னங்க, ஏதோ எழுதியிருக்கு?"

"தம்பி எழுதினது. பெட்டிக்கு அடியில போயிடும், வெளிய தெரியாது. இருந்துட்டுப் போகட்டுமா?"

"தாராளமா இருக்கட்டுங்க. பின்னாடி உட்கார ஆளே இல்லைனு இருந்தேன்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று விழித்தார். பிறகு மெதுவாக, "அப்போ நாளைக்குத் துணி போட்டுடுவீங்களா?" என்றார்.

"நாளைக்கு முடியாதுங்க. வியாழக்கிழமைதான்."

"நாளைக்கு என்ன?"

அவள் இஞ்ச் டேப்பால் அளந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். கோடு நேராக இருக்கிறதா என்று தெரியவில்லை.

"நாளைக்குப் புதன்," என்றாள். "கண் டாக்டர்கிட்ட போகணும்."