நெடுக்கா, குறுக்கா

கண்ணாடி அறுப்பவர்களிடம் கண்டிப்பான ஒரு நியதி உண்டு. நுனியில் குட்டிச் சக்கரம் பதித்த கத்தியை மண்ணெண்ணெயில் தொட்டு, மட்டப்பலகையை ஒட்டி, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கீறல் சரியாக விழவில்லையோ என்று ஐயம் வந்தாலும் அதே கோட்டில் மறுபடி சக்கரத்தை ஓட்டக் கூடாது. ஓட்டினால் கண்ணாடி கோட்டை மதிக்காது. மனம் போன வழியே பிளந்துகொள்ளும்.

இதை நன்கு அறிந்த ஒருத்திதான் சென்ற ஆண்டு அப்படி ஓட்டினாள். ஆள் உயரக் கண்ணாடித் தகடு மூன்று துண்டாயிற்று. அன்று முதல் பட்டறையில் அவள் பெயர் தராசு. பத்து முறை அளப்பாள், அளந்ததை எழுதுவாள், எழுதியதை நம்பாமல் பதினோராம் முறையும் அளப்பாள். பட்டறை அவளுடைய அக்காள் கணவருடையது. தகடுகளை அறுக்கும் பெரிய மேசை மட்டும் பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் வசம் இருந்தது. இப்போது அதற்கும் ஆபத்து வந்துவிட்டது.

ஒரு பல் டாக்டரின் அறைத் தடுப்பில் மூன்று கண்ணாடிகள் இருந்தன. மழை இறங்குவது போல மேலிருந்து கீழாக வரியோடும் பழைய வகை. அவற்றில் ஒன்று உடைந்துபோயிற்று. அந்த வகையை இப்போது யாரும் வார்ப்பதில்லை. பட்டறையின் பின்சுவரில் சாய்ந்திருந்த ஒரே ஒரு தகடுதான் மிச்சம். அதை நெடுக்கில் வைத்து அறுத்தால் வரிகள் மற்ற இரண்டோடும் பொருந்தும். ஆனால் ஓரத்தில் இரண்டு விரல் அகலப் பட்டைதான் கழியும். அவ்வளவு ஒடுங்கிய பட்டை நேராக உடைந்து வருவது அரிது. குறுக்கில் வைத்தால் ஆபத்தில்லை, தாராளமாகக் கழியும். ஆனால் இரண்டு கண்ணாடிகளில் மழை இறங்க, மூன்றாவதில் மட்டும் படுத்துக் கிடக்கும்.

நெடுக்கா, குறுக்கா? ஒன்பது நாள் ஓடிவிட்டது.

அவள் கேட்காத ஆளில்லை. "உடையாத வழியைப் பாருடி," என்றாள் வாசலில் ஆர்டர் எடுக்கும் அக்காள். "எதுவா இருந்தாலும் மூணு மணிக்குள்ள குடுங்க, அப்புறம் அந்தத் தெருவில வண்டி நிறுத்த இடம் கிடைக்காது," என்றார் வண்டிக்காரர். பல் டாக்டருக்கே போன் போட்டாள். "நெடுக்கா வந்தா அழகா இருக்கும். குறுக்கா வந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்று அவர் நல்ல மனத்தோடு சொல்லி, இருந்த குழப்பத்தை இரட்டிப்பாக்கினார்.

அக்காள் கணவரின் தம்பிக்கு, கை வேகத்தால், மின்னல் என்று பெயர். அந்த மேசை மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

"பல்லைப் பிடுங்க வர்றவன் கோடு எப்படிப் போகுதுன்னா பாப்பான்? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருப்பான். குறுக்கால போட்டுத் தள்ளுங்க, அண்ணி தங்கச்சி!"

பத்தாம் நாள் காலையில் அக்காள் கணவர் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"தராசு, நல்லாக் கேட்டுக்கோ. வண்டி மூணு மணிக்கு வருது. அதுக்குள்ள அறுக்கலைன்னா மேசை தம்பிக்கு. நீ விளிம்பு தேய்க்கிற வேலைக்குப் போயிடு."

"மாமா, இன்னும் ஒரு நாள்..."

"ஒரு நத்தை இருந்துச்சாம். வீட்டை எங்க வைக்கிறதுன்னு யோசிச்சு யோசிச்சே அதைக் காலம்பூரா முதுகுலயே தூக்கிக்கிட்டுத் திரிஞ்சுதாம். கேட்டியா?"

மின்னல் வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்கு முகம் சிவந்தது.

அளவுகளைக் குறித்துவைத்த தாள்களை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கிழித்த காலண்டர் தாள்கள். எல்லாவற்றின் முதுகிலும் எண்கள், அம்புக்குறிகள், கேள்விக்குறிகள். நேற்றையதிலிருந்து பின்னோக்கிப் புரட்டினாள். 'குறுக்கு பத்திரம்' என்று ஒரு தாள். 'அக்கா சொல்வதும் சரி' என்று ஒன்று. 'டாக்டர் வருத்தப்படுவாரோ' என்று இன்னொன்று. அடியில், முதல் நாள் தாளில், தகட்டைப் பார்த்த கையோடு எழுதிய ஒரே சொல் இருந்தது: நெடுக்கு. அதற்குக் கீழே காரணம் ஒன்றும் இல்லை. கேள்விக்குறியும் இல்லை.

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளும் விடையைத் தேடியதாக அல்லவா நினைத்திருந்தாள்! விடை முதல் நாளே கையில் இருந்தது. அப்புறம் தேடியதெல்லாம், தப்பாகிப்போனால் பழியைப் பங்குபோட ஒரு துணையை. அக்காளின் பயம் அக்காளுக்கு. வண்டிக்காரரின் கவலை வண்டிக்கு. சக்கரத்தைப் பிடிக்கப்போகும் கை அவர்களில் ஒருவருடையதும் அல்ல.

தாள்களைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"மாமா, உங்க நத்தைக் கதையில பாதிதான் சொன்னீங்க. அந்த நத்தைக்கு ஒரு அக்கா, ஒரு மாமா, மாமாவுக்கு ஒரு தம்பி. ஆளுக்கு ஒரு இடம் காட்டியிருக்காங்க. எல்லாருக்கும் தலையாட்டித்தான் அதுக்கு முதுகு வலி வந்துச்சு. மின்னல், இந்தத் தகட்டுல ஒரு முனையைப் பிடி. நெடுக்கு."

"நெடுக்கா? உடைஞ்சா?"

"உடைஞ்சா உடைச்சது நான். பிடி."

தகடு மேசையில் அமர்ந்தது. வழவழப்பான பக்கம் மேலே. ஒரே ஒரு முறை அளந்தாள். மட்டப்பலகையை அழுத்திப் பிடித்து, சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு இழுத்தாள். பட்டுத்துணி கிழிவது போன்ற ஓசை சீராக வந்தது. முக்கால் தூரத்தில் ஒரு நொடி ஓசை அற்று, மறுபடி தொடர்ந்தது.

"விட்டுப்போச்சு! அங்க கீறல் விழலை," என்று அக்காள் கணவர் பாய்ந்து வந்தார். "அந்த இடத்துல மட்டும் இன்னொரு இழுப்பு இழு!"

"மாட்டேன்."

"சொல்றதைக் கேளும்மா. இருக்கிறது ஒரே தகடு!"

"தெரியும் மாமா. அதனாலதான் மாட்டேன்."

கத்தியை எட்டாத தூரத்தில் வைத்தாள். அகன்ற வாய்க் குறடால் பட்டையின் முனையைக் கவ்வி, மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கினாள். டக்கென்று ஒலித்து விரிசல் கோட்டில் ஓடிற்று. ஓசை அற்ற இடத்தில் தயங்கியது. பிறகு அது மீண்டும் கோட்டைப் பிடித்து, அடுத்த விளிம்பு வரை போய், பட்டை முழுதாகக் கையோடு வந்தது.

அக்காள் கணவர் குனிந்து விளிம்பைத் தடவினார். தயங்கிய இடத்தில் அரிசி மணியளவு சில்லு பெயர்ந்திருந்தது.

"சேதாரம் இருக்கே," என்றார்.

"சட்டத்துக்குள்ள மறைஞ்சிடும். மறையலைன்னு யாராவது கேட்டா, நான் அறுத்ததுன்னு சொல்லுங்க."

மின்னல் விளிம்பை ஒருமுறையும் அவளை ஒருமுறையும் பார்த்தான். தகட்டுக்கு அடியில் கம்பளி விரித்தான்.

அக்காள் கணவர் தொண்டையைச் செருமினார். "சரி, மேசை விஷயத்தை எதுக்கும் உக்காந்து நிதானமா யோசிச்சு..."

"நீங்க யோசிங்க மாமா, அவசரமே இல்லை," என்று சொல்லிக்கொண்டே அவள் மேசை மேலிருந்த துகள்களைத் துடைத்தாள். "அடுத்த தகட்டை எடுத்து வை, மின்னல்."