தண்ணீருக்குள் மூன்று தட்டு

தோமஸ் அங்கிளை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

நாங்கள் இருவரும் ஒரே சங்கம். ஜொகூரில் பொழுதுபோக்குக்காக ஒலியும் வீடியோவும் பதிவு செய்கிறவர்கள் சேர்ந்து நடத்துகிற சின்னச் சங்கம். ஆண்டுக்கு ஒரு போட்டி. ஒலிப் பிரிவில் முக்கியமான விதி ஒன்றுதான்: பத்து நிமிடத்துக்குள், ஒரே ஓட்டமாகப் பதிவு செய்ய வேண்டும், வெட்டவும் ஒட்டவும் கூடாது. அதற்கு அடையாளமாக, பதிவைத் தொடங்கும்போது பெயரையும் ஊரையும் சொல்லி மூன்று முறை தட்ட வேண்டும். கையைத் தட்டலாம், மேசையைத் தட்டலாம். டொக், டொக், டொக். தொடக்கத்தில் மறந்துவிட்டால் முடிவிலாவது தட்டியாக வேண்டும். தட்டு இல்லாத பதிவை நடுவர்கள் சீந்தவே மாட்டார்கள்.

மூன்று வருடமாக முதல் பரிசு தோமஸ் அங்கிளுக்கு. இரண்டாம் பரிசு ஜெரால்டினுக்கு, அதாவது எனக்கு. போன வருடம் அவர் அனுப்பிய மழைச் சத்தம் மழையே இல்லை, குவாலிச் சட்டியில் எதையோ வறுத்த சத்தம் என்று எல்லார் முன்னாலும் சண்டை போட்டேன். அவர் அசரவில்லை.

"நீ மொதல்ல ஒன் குவாலிய ஒழுங்கா பிடி மா," என்றார். சங்கமே சிரித்தது.

என் குவாலி என்று அவர் சொன்னது, என் கணவர் பிரையன் செய்து கொடுத்த டிஷ். யாரோ கூரையிலிருந்து கழற்றிப் போட்ட பழைய சேட்டலைட் டிஷ்ஷின் நடுவில் ஒரு மைக்கைப் பொருத்தியிருந்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கத்துத் தூரத்துச் சத்தத்தை அள்ளிக்கொண்டு வந்து ஹெட்போனில் கொட்டும். அதைப் போய்ச் சட்டி என்றால்? அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை பிரையனைத்தான் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார்!

இந்த வருடப் போட்டிக்குத் தலைப்பு 'தண்ணீர்'. பதிவை அனுப்பக் கடைசி நாள் அன்று எங்கள் ஊரான சிகாமட்டில் ஆறு கரை தாண்டி உள்ளே வந்துவிட்டது.

எங்கள் வீடு மேட்டில். கீழே இருக்கிற தாமான் செம்பாக்கா குடியிருப்பில் தோமஸ் அங்கிளின் வீடும் சேர்த்து அத்தனை வீட்டிலும் தண்ணீர். காலையிலேயே ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிற்பகலில் மழை விட்டது. நான் டிஷ்ஷை எடுத்தேன், பிரையன் கேமராவை எடுத்தார். தார் ரோடு தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் போய் நின்றோம்.

ரெக்கார்டரைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பெயரைச் சொல்லித் தட்டலாம் என்று கையை எடுக்கும்போதே ஹெட்போனில் கேட்டது.

டொக், டொக், டொக்.

இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். பிறகு தண்ணீரின் இரைச்சல் மட்டும்.

டிஷ்ஷை மெல்லத் திருப்பினேன். இடது பக்கம் ஒன்றும் இல்லை. வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால், கடைசி வரிசையில் பச்சைத் தண்ணீர்த்தொட்டி வைத்த வீட்டுக்கு நேராக வரும்போது மறுபடியும் டொக், டொக், டொக். அது தோமஸ் அங்கிளின் வீடு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பாத்தீங்களா பிரையன்! அந்த மனுஷன் வீட்டுக்குள்ள உக்காந்து பதிவு பண்றாரு. வெள்ளம் வீட்டுக்குள்ள வர்றத உள்ள இருந்தே புடிக்கிறாரு. தட்டு போடுறாரு, கேக்குது!"

"உள்ளயா? ஜன்னல் பாதி முங்கிருச்சே ஜெரா."

"அலமாரி மேல ஏறி உக்காந்திருப்பாரு. பரிசுன்னா அவரு எதுவும் செய்வாரு. கெடக்கட்டும் விடுங்க. நல்லா ஊறட்டும்!"

சொல்லிவிட்டேன். ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுகூட அப்போது நினைவில் இல்லை. என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: வெளியில் நின்று நான் எடுப்பது வெறும் இரைச்சல், உள்ளே இருந்து அவர் எடுப்பதுதான் தண்ணீர். நான்காவது வருடமும் போச்சு.

மறுபடியும் தட்டு. உடனே மறுபடியும்.

அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. ஒரு முறை தட்டினால் பிறகு பதிவு ஓட வேண்டும், தட்டியவர் மூச்சுக்கூடக் காட்டக் கூடாது. இங்கே தட்டு வருகிறது, ஒரு ஆள் இளைப்பாறுகிற நேரம் நிற்கிறது, மறுபடி தட்டு வருகிறது. இத்தனை முறை யார் பதிவைத் தொடங்குவார்கள்? ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இரண்டாவது தட்டுக்கும் மூன்றாவது தட்டுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. மூன்றாவது தட்டு தேய்ந்து வந்தது.

"பிரையன், அவரு பதிவு பண்ணல. என்னையக் கூப்புடுறாரு."

"ஒன்னையா?"

"இந்த டிஷ்ஷு ஜன்னல்லேருந்து தெரியும்ங்க. கத்துனா இந்த இரைச்சல்ல யாருக்கும் கேக்காது. இந்தத் தட்டு மட்டும் எனக்குப் புரியும்னு அவருக்குத் தெரியும்."

பிரையன் கேமராவைக் கீழே வைத்துவிட்டார். அவரும் சங்கத்து ஆள்தான், அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த நேரத்தில்தான் குணாளன் படகோடு திரும்பி வந்தான். மெர்சிங்கில் மீன் பிடிக்கிறவன். வெள்ளம் என்று கேள்விப்பட்டதும் தன் ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு உதவிக்கு வந்தவன். காலையிலிருந்து ஆள் ஏற்றி ஏற்றி அவன் கண்கள் சிவந்திருந்தன.

"அந்தப் பச்சைத் தொட்டி வீட்டுக்குப் போகணும் தம்பி. ஆளு இருக்காரு," என்றேன்.

"அந்த வீட்டுல யாரும் இல்லக்கா. காலையிலயே போய்ப் பாத்தேன். கதவு கிரில்ல பூட்டு வெளிய தொங்குது. பூட்டிட்டுப் போயிட்டாங்க."

"நீ கூப்புட்டுப் பாத்தியா?"

"கூப்புட்டேன்கா. பதில் இல்ல. இப்ப இழுப்பு வேற அதிகமாயிருச்சு. அந்தக் கடைசி வரிசைக்குப் பின்னால நேரா ஆறு. எஞ்சின் நின்னா நம்மளையும் சேத்து தேடணும்."

ஹெட்போனைக் கழற்றி அவன் தலையில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "ஏதோ தட்டுது. சாமான் மெதந்து கிரில்ல முட்டுதுக்கா."

"சாமான் மூணு மூணாவா முட்டும்? நல்லாக் கேளு!"

கேட்டான். தட்டியது. நின்றது. தட்டியது. குணாளன் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "ஒரு ஆளு மட்டும் வாங்க. வரும்போது ஒருத்தர் கூடுவாங்க, படகு தாங்கணும்," என்றான்.

நான் ஏறினேன். பிரையன் தன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி எனக்கு மாட்டி, வாரை இழுத்துக் கட்டினார். "கோவத்துல ஏதும் செஞ்சிராத ஜெரா," என்றார். கோபமா? எனக்கு அப்போது இருந்தது பயம் மட்டும்தான்.

ரெக்கார்டர் பை கழுத்தில், டிஷ் மடியில். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தபால் பெட்டிகளும் கார் கூரைகளும் பக்கத்தில் கடந்து போயின. பாதித் தூரத்தில், "எஞ்சின நிறுத்து," என்று கத்தினேன்.

"நிறுத்தினா இழுத்துட்டுப் போயிரும்!"

"ஒரு நிமிஷம் தம்பி, கெஞ்சிக் கேக்குறேன்!"

நிறுத்தினான். படகு பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. டிஷ்ஷை அந்த வீட்டுக்கு நேராகப் பிடித்தேன். தண்ணீர். தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை. தட்டு நின்றுவிட்டது.

ஆண்டவரே, நான் 'கெடக்கட்டும்' என்று சொன்னதைக் கணக்கில் வைக்காதீர் என்று வாய்விட்டே சொன்னேன். குணாளன் கேட்டிருப்பான். கேட்டுவிட்டுப் போகட்டும். எஞ்சினை மறுபடியும் உசுப்பி, வீட்டுச் சுவரோடு உரசுகிற மாதிரி கொண்டுவந்தான். வாசல் பக்கம் கிரில்லின் மேல் தாழ்ப்பாளில் பூட்டு தொங்கியது. பூட்டின் மேல் பாதிதான் தண்ணீருக்கு வெளியே. அது தொங்குகிற தோரணையைப் பார்த்தால் இருபது நாள் ஊருக்குப் போன வீடு என்றுதான் யாரும் சொல்வார்கள்.

"எந்த ரூமுன்னு தெரியாம எப்படிக்கா?" என்றபடி குணாளன் எஞ்சினை நிறுத்தி, கூரை விளிம்பைப் பிடித்துப் படகை நகர்த்தினான்.

டிஷ்ஷை ஒவ்வொரு ஜன்னலாகக் காட்டினேன். முன் ஜன்னலில் தண்ணீர் சலசலப்பு. அடுத்ததில் ஏதோ மிதந்து இடிக்கிற சத்தம். ரோட்டைப் பார்த்த பக்கவாட்டு ஜன்னலில் மூச்சு. கரகரவென்று, மனிதனின் மூச்சு.

"இங்க, இங்க!"

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் நான்கு விரல்கள். அதற்குப் பின்னால் முகம். தண்ணீர் தாடை வரைக்கும் வந்திருந்தது. ஒரு நாற்காலி மேல் நின்றிருந்தார். கையில் மைக் ஸ்டாண்டின் இரும்புக் கால். அதை வைத்துத்தான் கம்பியைத் தட்டியிருக்கிறார்.

"அங்கிள்!" என்று கத்தினேன். அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தொண்டை போய்விட்டது.

"சாவி எங்க? பூட்டுச் சாவி?"

தலையை ஆட்டிக் கீழே காட்டினார். தண்ணீருக்குள்.

குணாளன் படகுக் கயிற்றை ஜன்னல் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி முனையை என் கையில் கொடுத்தான். "விட்டுறாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கூரைமேல் தாவினான். ஓடுகளைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தான். எனக்கு ஒரு கையில் கயிறு. மறு கையைக் கம்பிக்குள் விட்டு அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேன். நாற்காலி நகர்ந்தது போலிருக்கிறது, அவர் சட்டென்று அமுங்கினார். காலரை மேலே இழுத்தேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது. "மேல பாருங்க அங்கிள், மேலயே பாருங்க. ஒங்களோட சண்ட போட எனக்கு வேற ஆளு இல்ல!"

மேலே பலகை உடைகிற சத்தம் கேட்டது. கூரையிலிருந்து இரண்டு கால்கள் இறங்கின, பிறகு இரண்டு கைகள். குணாளன் அவரை அக்குளில் பிடித்துத் தூக்கியபோதுதான் நான் காலரை விட்டேன்.

ரோட்டுக்குத் திரும்பினோம். பிரையன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்து படகைப் பிடித்து இழுத்தார். போர்வை வந்தது, சூடான மைலோ வந்தது. இரண்டு வாய் குடித்த பிறகுதான் தோமஸ் அங்கிளுக்குக் குரல் வந்தது, அதுவும் காற்று மாதிரி.

"நான்தான் பூட்டுனேன்," என்றார். "உள்ள இருந்து கையை வெளிய விட்டு. பூட்டு தொங்குனா படகு வராதுல்ல. தண்ணி உள்ள வர்ற சத்தத்த முழுசா புடிக்கணும்னு... சாவி வழுக்கிருச்சு. போனும் முங்கிருச்சு."

"அறிவு இருக்கா ஒங்களுக்கு?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். "ஒரு போட்டிக்கு உசுர குடுப்பாங்களா? செத்திருந்தா அந்தப் பரிச கல்லறைலயா வைக்கிறது?"

குணாளன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"ரெக்கார்டரும் போச்சு மா," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "ஒன்னோடது?" என் கழுத்தில் தொங்கிய பையை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா, செவப்பு லைட்டு எரியுது."

குனிந்து பார்த்தேன். சிவப்பு விளக்கு. நான் நிறுத்தவே இல்லை. முதல் தட்டிலிருந்து இதுவரை எல்லாம் உள்ளே போயிருக்கிறது.

"எனக்குப் போட்டுக் காட்டு. கேக்கணும்."

"வேணாம் அங்கிள்."

"ஏன்?"

"நீங்க மொதல்ல தட்டினப்ப நான் ஒங்களப் பத்தி ஒன்னு சொன்னேன். அது அதுல இருக்கு."

"என்ன சொன்ன?"

பிரையன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். எனக்கு மறைக்க வராது. "கெடக்கட்டும்னு சொன்னேன். ஊறட்டும்னு."

தோமஸ் அங்கிள் மைலோக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்புறம் எப்ப வந்த?"

"தட்டு தேஞ்சப்ப."

"ம்." டிஷ்ஷைத் தன் பக்கம் இழுத்தார். அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "இத குவாலின்னு சொன்னேன்ல."

"பரவால்ல அங்கிள், விடுங்க."

"பத்து நிமிஷத்துக்கு மேல போயிருக்கும். போட்டிக்கு அனுப்ப முடியாது மா."

"போட்டி கெடக்கட்டும்," என்றேன். அந்த வார்த்தையே மறுபடி வாயில் வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் முதல் முறையாகச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"நீ ஆரம்பத்துல தட்டு போட்டியா?"

"இல்ல. ஒங்க சத்தம் வந்துருச்சு."

"அப்ப முடிவுல போடணும். விதி விதிதான்." மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தார். "பதிவு ஜெரால்டின். சிகாமட்," என்றார். விரலை மடக்கி டிஷ்ஷில் தட்டினார். டொக். மறுபடி டொக்.

மூன்றாவதற்குக் கை எழவில்லை. அவர் கைமேல் என் கையை வைத்து, சேர்த்துத் தட்டினேன்.