வலப்பக்கத்து ஒன்று

"மதினி, வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் பெட்டி பாடாட்டி பட்டறைய எனக்குத் தாங்க. ஹாட்வெயார் கடை போடுவம்" என்றான் றாஸிக், என் கணவரின் தம்பி.

மூன்று தலைமுறை ஆர்மோனியப் பெட்டி செய்த பட்டறை இது. கடைசியாகச் செய்தவர் றாஸிக்கின் காக்கா, என் கணவர் ஜவுபர். சுனாமியில் அவரைக் கடல் கொண்டுபோய் நாலரை வருடம். அவர் செய்ததில் மிஞ்சியது பாண்டிருப்புக் கோயில் பெட்டி ஒன்றுதான். அதுவும் அதே தண்ணீரில் பசை விட்டு, கட்டைகள் கழன்று சாக்குக்குள் கிடந்தது. சண்டை முடிந்த கிழமை, தெருவில் வெடி கொளுத்தும்போது, அந்தக் கோயிலில் பஜனை பாடும் சின்னப்போடி அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏலுமா புள்ள?"

"ஓம்" என்றுவிட்டேன். என் வாய்தான் எனக்கு எதிரி.

துருத்தி ஒட்டினேன். பித்தளை நாக்குகளைத் துடைத்தேன். பன்னிரண்டு வருடம் அவர் பக்கத்தில் இருந்து பழகிய வேலை. கட்டை பூட்டுவதை மட்டும் என்னிடம் விடமாட்டார். கையால் அறுத்த கட்டை, அதனதன் இடத்தில்தான் இருக்கும். அடியில் கத்தியால் இலக்கம் கீறியிருந்தார். இடமிருந்து ஒன்று, இரண்டு என்று வரிசையாக வைத்தேன். ஒன்று உரசியது, ஒன்று ஏறி நின்றது, அழுத்தாமலே காற்றுச் சீறியது. கழற்றினேன், பூட்டினேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வியாழன் பின்னேரம் கட்டைகளைச் சீவிவிடலாமென்று அரத்தை எடுத்தேன். அப்போது மஃரிபுக்குப் பாங்கு சொன்னது.

தொழுதுவிட்டு, வழமைபோல அவருக்காக யாஸீன் ஓதக் கிதாபைத் திறந்தேன். அரபுக் கிதாபல்லவா, வலப்பக்கமிருந்து.

கை அப்படியே நின்றது. அந்த மனுசன் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்புவரை. எழுத்துப் பழகியது ஓதுகிற பள்ளியில். கொப்பியைக்கூடப் பின்னாலிருந்துதான் எழுதுவார். "உங்களுக்கு எல்லாமே தலைகீழ்" என்று நான் எத்தனை தரம் சிரித்திருக்கிறேன்!

ஒன்று வலப்பக்கத்தில்.

ஓதி முடித்து ஓடினேன். கட்டைகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. "சொல்லிட்டுப் போயிருக்கலாமே மனுசா!" என்று பட்டறைக்குள் கத்தி அழுதேன். அவ்வளவு கோபம் எனக்கு.

வெள்ளிக்கிழமை சின்னப்போடி அண்ணன் துருத்தியை அமத்தினார். பெட்டி பாடியது. கடைக்குத் தட்டு அடிக்க அளவு நாடாவோடு வந்த றாஸிக் வாசலில் நின்றுவிட்டான்.

"ஆரு மதினி காட்டித்தந்த?"

"உங்கட காக்கா."

அவன் நாடாவைச் சுருட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"புதுப் பெட்டிக்கும் வலப்பக்கத்தில இருந்தா இலக்கம்?"

"பின்ன? வேற எந்தப் பக்கம்? வாங்க, பலகையப் புடிங்க."