கம்பனியைக் காணாத லப்டொப்

ஹஃபீலா ராத்தா, வாப்பாவின் மீன்பிடி போட் விற்பனை ஏன் நின்றது என்று வண்ணாத்திவில்லிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உம்மா சொல்லமாட்டார். நான் சொல்கிறேன்.

தோஹாவில் எங்கள் கம்பனியை மூடிவிட்டார்கள். பழைய லப்டொப்புகளை விருப்பமானவர்கள் கொண்டுபோகலாம் என்றார் மனேஜர். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு மாதக்கணக்கில் அங்கேயே வேலை தேடினேன், கிடைக்கவில்லை. பள்ளிவாசல்துறைக்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். காலையில் சாப்பிட்டதும் முன் அறையில் லப்டொப்பைத் திறந்துவைத்து உட்காருவேன். உம்மா டீவிச் சத்தத்தைக் குறைப்பார்.

வாப்பா அதை நம்பித்தான் போட்டை விற்க நினைத்தார். அவருக்கு முழங்கால் நோவு. மகன் உழைக்கிறான், இனிக் கடல் எதற்கு? போட்டை வாங்க இருந்த தலவில ஊர் றொமேஷ் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து, எஞ்சினோடு ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. நான் தலையாட்டினேன்.

அதற்கு முதல் நாள் திரையின் மூலையில் சாம்பல் நிறத்தில் எழுத்து விழுந்தது. விண்டோஸை அக்டிவேட் செய்யச் சொன்னது. பின்னாலிருந்த படமும் கறுத்துப்போனது. லப்டொப் பழுதானால் வேலை போய்விடும் என்று பயந்த உம்மா, என்னிடம் கேட்காமலே மாமி மகன் அர்கமுக்குக் கோல் எடுத்துவிட்டார். அவன் கற்பிட்டியில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறான்.

வெள்ளி காலை அர்கம் வந்தான். பக்கத்துக் கதிரையில் வாப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அர்கம் ஏதோ தட்டினான், வந்ததை வாசித்தான்.

"மச்சான், இது கம்பனி லைசன்ஸ். கடையில வாங்கின மெஷின் எண்டா சாவி போர்டுலயே இரிக்கும், எங்க கொண்டுபோனாலும் ஓடும். இது கம்பனி சேர்வர் ஓம் எண்டாத்தான் ஓடும். ஆறு மாசத்துக்குள்ள ஒருக்கா சரி அதுக்கிட்டக் கேக்கணும்."

வீட்டிலிருந்து வேலை செய்தால் கேட்காதா என்றார் வாப்பா. கம்பனி லைனில் ஏறினாலே போதும், அது தானாகக் கேட்டுக்கொள்ளும் என்றான் அர்கம்.

"இவன் ஒவ்வொரு நாளும் ஏறுறானே?"

அர்கம் என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. பேச்சை மாற்றப் பார்த்தான். கள்ள அக்டிவேட்டர் ஒன்று இருக்கிறதாம், போட்டால் எழுத்து போய்விடுமாம், பாதிக் கற்பிட்டி அதில்தான் ஓடுகிறதாம். சிரித்தான். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது.

வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"கம்பனி இரிக்கா மகன்?"

"இல்ல வாப்பா."

அவர் ஏசவில்லை. மிச்சத் தேத்தண்ணியையும் குடித்துவிட்டு ஜும்ஆவுக்குக் குளிக்கப் போனார். குசினியில் உம்மா தேங்காய் திருவுவது நின்றது, பிறகு தொடங்கியது. நான் அழ வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை.

றொமேஷ் லொறியோடு வந்தபோது வாப்பா படலையிலேயே மறித்து, போட் விற்கிறதில்லை என்றார்.

"என்ன நானா, சொல்லு மாறுற ஆளில்லயே நீங்க?"

"மகன் கடலுக்கு வாறான்" என்றார் வாப்பா.

எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

மறுநாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். வாப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தரம் தவறி, போட்டில் ஏறினார். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். நங்கூரத்தைத் தூக்கு என்றார். தூக்கினேன்.