வாத்தியாரின் ஆக்சிஜன் சென்சார்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. சட்டைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில், தையல்காரம்மா வாயில் குண்டூசியோடு சொன்னது. எழுதிக்கொள்ளட்டுமா என்றேன்.

"எழுதுங்க. ஆனா எங்க வீட்டுக்காரரை ரொம்ப நல்லவராக் காட்டிடாதீங்க."

(நேரில் 'அம்மா' என்பேன். கதைக்குள் 'அவள்'. பொறுத்துக்கொள்வார்.)

2

மழை கொட்டிய ஒரு காலையில், வாத்தியாரின் வாழ்வு...

இல்லை, மழையே இல்லை. நல்ல வெயில்.

அவள் கணவர் கணக்கு வாத்தியார். அவர் பாடம் எடுத்தால் பக்கத்து வகுப்புக்கும் சேர்த்துக் கேட்கும். பக்கவாதம் வந்தபின் வலது கை ஓய்ந்தது, நாக்கு குழறியது. பேசப் பேசத்தான் சரியாகும் என்றார் டாக்டர். குழறுவதைவிட வாயை மூடிக்கொள்வதே மேல் என்று முடிவுகட்டிவிட்டார் வாத்தியார். காரையும் விற்றுவிடச் சொல்லிச் சைகை காட்டினார்.

அந்தக் காரோ நின்ற இடத்திலேயே நடுங்கியது, பெட்ரோலைக் குடித்தது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டதாம். புகைக்குழாயில் பொருந்தியிருந்து, பெட்ரோல் ஒழுங்காக எரிகிறதா என்று மோப்பம் பிடிக்கும் சின்னப் பொருள்.

"விக்கறதெல்லாம் அப்புறம். முதல்ல இதை மாத்தறேன்," என்று ஸ்பேனரோடு காருக்கடியில் புகுந்தாள்.

3

சென்சார் அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் திருகினாள். நாற்காலியில் இருந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் அப்போது பேசினார்.

முதல் வரைவில், "கையைப் பாத்துக்கோம்மா" என்று பேசவைத்தேன். வாசித்துக் காட்டியதும் தையல்காரம்மா சிரித்துவிட்டார். "அவரா? அப்படியெல்லாம் சொல்ற ஆளே இல்லீங்க."

நடந்தது இதுதான்:

"லூ...சு. இறுக்கற. அந்தப் பக்கம்."

காருக்கடியில் அவள் அப்படியே கிடந்தாள். எத்தனை மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. (இங்கே அவள் கண்ணைப் பற்றி ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன்.)

"என்ன சொன்னீங்க? காதுல விழல." விழுந்திருந்தது.

"இடது... பக்கம். இன்ஜினை... சூடாக்கு. இளகும்."

"கை சுடுமே?"

"துணி... சுத்திக்கோ. தையக்காரி... தானே."

சூடாக்கி, துணி சுற்றித் திருகியதும் 'கிறீச்' என்று கழன்றது. புதியதை இடது கையால் எடுத்து நீட்டினார். "முனையத்... தொடாத."

4

மாட்டி முடித்ததும் கார் நடுங்காமல் நின்றது. அவள் ஓட்ட, அவர் பக்கத்தில். வாசல் கேட்டில் வாட்ச்மேன் ஜன்னலோரம் குனிந்தார்.

"எங்க சார், கிளம்பிட்டீங்க?"

வழக்கமாக அவள்தான் பதில் சொல்வாள். அன்று காரின் முன்கண்ணாடியைத் துடைப்பதுபோல் இருந்துகொண்டாள்.

வாத்தியார் வாயைத் திறந்தார்.

பள்ளிக்கூடம், கடற்கரை, சும்மா ஒரு ரவுண்டு என்று மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. தையல்காரம்மாவும் சொல்ல மறுத்துவிட்டார். அந்த இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். அம்மா சொன்னதெல்லாம் இவ்வளவுதான்:

"வாட்ச்மேன் 'என்ன சார்'னு திருப்பிக் கேக்கலீங்க. கேட்டைத் திறந்துட்டாரு."