அறுக்காத அரைஞாண்

நான் அரைஞாண் கயிறு முறுக்கி விக்கிறவ. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி கோயில் பக்கம் நடந்தா பூக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவுல ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருப்பேன். சாமுண்டீஸ்வரி கடைன்னு கேட்டா யாரா இருந்தாலும் கை காட்டுவாங்க. மஞ்சக் கயிறு, கறுப்புக் கயிறு எல்லாம் வச்சிருக்கேன். ஆனா கத்தை கத்தையா தொங்குறது செவப்பு அரைஞாண்தான். எங்க பக்கத்து ஆம்பளைங்க இடுப்புக்கு அதுதான் பிடிக்கும்.

எனக்கு வாய் ஜாஸ்தி. ஊருக்கே தெரியும். பேரம் பேச வர்றவன் பாதியிலயே காசை வச்சிட்டு ஓடிடுவான். அப்பேர்ப்பட்ட வாய், திறக்க வேண்டிய ஒரு நாள்ல திறக்கல. அதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல கயிறு சமாச்சாரத்தைச் சொல்லிடறேன். ஆம்பளை இடுப்பு வெறுமனே இருக்கக்கூடாது. பழசு நைஞ்சு போச்சுன்னா, புதுசைக் கட்டிக்கிட்டுத்தான் பழசை எடுக்கணும். வீட்ல சாவு விழுந்தா மட்டும் வேற மாதிரி. காரியத்தன்னைக்கு அண்ணன் தம்பி பங்காளிங்க பழைய கயிறை அறுத்துப் போட்டுட்டு தலை முழுகுவாங்க. அப்புறம்தான் புதுசு. கயிறு அறுத்தாச்சுன்னா போனவன் போயிட்டான், இனிமே வரமாட்டான்னு அர்த்தம்.

உப்பளத்துல வேலை செய்யிறவங்களுக்கு நான் தனியா முறுக்குவேன். மத்தவங்களுக்கு ஏழு இழைன்னா இவங்களுக்குப் பதினோரு இழை. உப்புத் தண்ணி நூலைத் தின்னுடும். முறுக்குறதுக்கு ரெண்டு பேர் வேணும். தெருவுல இந்த முனையில ஒருத்தர், அந்த முனையில ஒருத்தர் நின்னுக்கிட்டு எதிர் எதிரா திருகணும். நல்லா முறுக்கு ஏறினதும் நடுவுல பிடிச்சி மடக்கினா ரெண்டும் தன்னால பின்னிக்கும். எனக்கு எதிர் முனை பிடிக்கிறவ பூவிழி. என் கொழுந்தன் கண்ணாயிரத்தோட பொண்டாட்டி. இடையஞ்சாவடியில பொண்ணு எடுத்தோம். ரெண்டாயிரத்து நாலு தை மாசம் கல்யாணம். அந்த வருஷம் முடியறதுக்குள்ள கண்ணாயிரத்தைக் கடல் கொண்டு போயிடுச்சி.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. மழைக் காலம், உப்பளம் பூரா தண்ணி, அதனால எங்க வீட்டுக்காரர் பலராமனும் கண்ணாயிரமும் வீட்லதான் இருந்தாங்க. பூவிழி தெருக்குழாய்க்குத் தண்ணி பிடிக்கப் போயிருந்தா. நான் மசாலா அரைச்சிக்கிட்டே, “டேய் கண்ணாயிரம், குப்பத்துக்குப் போய் சங்கரா மீன் வாங்கிட்டு வாயேன்”னு சொன்னேன். “இதோ போறேன் அண்ணி”ன்னு சட்டையை மாட்டிக்கிட்டு சைக்கிள் எடுத்தான். எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாரு. சுனாமின்ற பேரையே அன்னைக்குச் சாயங்காலம்தான் கேள்விப்பட்டோம்.

சைக்கிள் கெடைச்சுது. ஆள் கெடைக்கல. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி, கடலூர் ஆஸ்பத்திரி, பொணம் வச்சிருந்த எடம் ஒண்ணு விடாம எங்க வீட்டுக்காரர் தேடினாரு. பத்தாம் நாள் வெறுங்கையோட வந்து தெருவுல நின்னாரு. ஊரே கூடியிருந்துது. பூவிழி வெளியில வந்தா. “அவரை யாரு அந்த நேரத்துல கடலுக்கு அனுப்பினது?”ன்னு கேட்டா.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர், “நான்தாம்மா. மீன் வாங்க நான்தான் அனுப்பினேன்”னாரு.

இல்ல, நான்தான் அனுப்பினேன்னு சொல்ல வந்த வார்த்தை தொண்டையிலயே நின்னுடுச்சி. நின்னுடுச்சின்னு சொல்றதுகூட பொய். நிறுத்திக்கிட்டேன். அத்தனை பேர் முன்னாடி அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாக்க எனக்குத் துணிச்சல் இல்ல.

அவ அவரைப் பாத்து ஒண்ணு சொன்னா. கத்தல, மெதுவாத்தான் சொன்னா. “நீங்கதானே மாமா அனுப்பினீங்க. நீங்களே கொண்டாந்து காட்டுங்க. அவரைக் கண்ணுல காட்டாம உங்க அரைஞாண் அறுபடக்கூடாது.”

ஆத்திரத்துல சொன்ன வார்த்தை. சொன்னவளே நாலு நாள்ல மறந்திருப்பா. கேட்டவர் மறக்கல.

அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரர் கயிறை மாத்தவே இல்ல. தை பொறந்து உப்பளத்துல பாத்தி மிதிக்கப் போனாரு. சித்திரை வெயில்ல உப்பு வாரினாரு. பதினோரு இழையும் ஒவ்வொண்ணா விட்டுப் போச்சி. அறுந்து விழுற மாதிரி இருந்தா கடைக்கு வருவாரு. “ஒரு ஜாண் குடு”ம்பாரு. நைஞ்சு போன எடத்துல புதுத் துண்டை ஒட்டு முடிச்சி போட்டுக்குவாரு. இப்படி ஒண்ணு, ரெண்டுன்னு எட்டு முடிச்சி ஆயிடுச்சி. “யோவ், இடுப்புல கயிறு கட்டியிருக்கியா, முடிச்சுக் கடை வச்சிருக்கியா? கயிறு முறுக்குறவ புருஷன் இப்படிப் போனா என் கடையில எவன் வாங்குவான்?”னு திட்டினேன். திரும்பிக்கூடப் பாக்கல. கல்லு மாதிரி மனுஷன்னு நெனச்சிக்கிட்டேன்.

கண்ணாயிரம் செத்துட்டான்னு அரசாங்கம் காகிதத்துல எழுதிக் குடுத்துடுச்சி. எங்க வீட்டுக்காரர் இடுப்பு ஒத்துக்கலையே. கண்ணாயிரத்துக்குப் புள்ள இல்ல, அப்பாவும் இல்ல. காரியம் பண்ண வேண்டியது அண்ணன்தான். அவர் உட்காரலன்னா காரியம் கெடையாது.

இதுல மாட்டிக்கிட்டது பூவிழி. கழுத்துல தாலி இருக்குது, புருஷன் இல்ல. கண்ணு கலங்கினாப் போதும், “தாலியோட அழாதடி, வர்றவனும் வராமப் போயிடுவான்”னு தெருவே அதட்டும். வெள்ளிக்கிழமை பொட்டு வைடின்னு ஒருத்தி சொல்லுவா, எதுக்குடி பொட்டுன்னு இன்னொருத்தி சொல்லுவா. அவங்க அப்பா குழந்தைசாமி மாசம் ஒரு தடவை வந்து, “பொண்ணை அழைச்சிட்டுப் போறேன். எங்க ஊர்ல தையல் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க”ன்னு கேப்பாரு. “காரியம் ஆவாம வீட்டை விட்டு எப்படி அனுப்புறது”ன்னு எங்க பங்காளிங்க திருப்பி அனுப்பிடுவாங்க.

ஒரு வருஷம் ஓடிப்போச்சி. மார்கழி முடியற சமயம், பங்காளியில பெரியவர் அப்பாவு சித்தப்பா வந்தாரு. “பலராமா, ஆள் கெடைக்கலன்னா என்ன பண்றது. வர்ற தை அமாவாசைக்குக் கடற்கரையில வச்சிக் காரியத்தை முடிச்சிடலாம். அந்தப் பொண்ணுக்கும் ஒரு வழி பொறக்கட்டும்”னாரு. பூவிழியும் வாசப்படியில நின்னுக்கிட்டு, “நான் அன்னைக்கு ஏதோ சொல்லிட்டேன் மாமா. அறுத்துடுங்க”ன்னா.

எங்க வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு. “பிண்டம் வைக்கிறேன் சித்தப்பா. கடலுக்கும் வர்றேன். கயிறு மட்டும் அறுக்க மாட்டேன். அனுப்பினவன் நானு. அந்தப் பொண்ணு பெருந்தன்மையா சொல்லுது, அதுக்காக நான் தப்பிச்சிக்க முடியுமா?”ன்னு சொல்லிட்டு மம்பட்டியை எடுத்துக்கிட்டு அளத்துக்குப் போயிட்டாரு.

அப்பாவு சித்தப்பா தலையில அடிச்சிக்கிட்டாரு. “கயிறு அறுக்காத காரியம் என்னய்யா காரியம்? ஊர் ஒத்துக்குமா?”

மறுநாள் காலையில நானும் பூவிழியும் தெருவுல கயிறு முறுக்கிக்கிட்டு இருந்தோம். தை அமாவாசைக்கு நல்லா விக்கும். பத்தடி தள்ளி அந்த முனையில அவ, இந்த முனையில நான். அவ திடீர்னு சொன்னா, “எனக்கு வேற ஒண்ணும் வேணாம்க்கா. ஊருக்குப் போறதுகூட அப்புறம். நான் ஒரு தடவை வாய் விட்டு அழுவணும். ஒரு வருஷமா என்னை யாரும் அழ விடல.”

இருபத்திரண்டு வயசுப் பொண்ணு, புருஷனுக்காக அழறதுக்கு அனுமதி கேட்டுக்கிட்டு நிக்குது. நான் காப்பாத்திக்கிட்ட என் மானம் இவ கண்ணீரையும் சேத்து அடைச்சி வச்சிருக்குதுன்னு அப்பத்தான் பொட்டுல அடிச்ச மாதிரி தெரிஞ்சுது.

“பூவிழி, மீன் கேட்டது நானு.”

அவ திருகிக்கிட்டு இருந்த கை நின்னுச்சி. “மாமாதான் அனுப்பினேன்னு சொன்னாரே?”

“பொய் சொன்னாரு.”

“நீங்க?”

“பாத்துக்கிட்டு நின்னேன்.”

என்னை அடிப்பா, மண்ணை வாரித் தூத்துவான்னு நெனச்சேன். அவ முனையை விடல. மிச்ச முறுக்கையும் ஏத்தி, நடுவுல மடக்கி, கடைசி முடிச்சையும் போட்டு என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டா. அன்னையிலேர்ந்து என் கையால ஒரு வாய் சாப்பிடல. பின்பக்கம் மூணு கல்லை வச்சி அவளே கஞ்சி காய்ச்சிக்கிட்டா. நான் போட்டு வச்ச சோறு அப்படியே ஆறிக் கெடக்கும். ஒரே வீட்ல பதினஞ்சு நாளைக்கு மேல என்கிட்ட ஒரு பேச்சில்ல. எதிர் முனை பிடிக்க ஆளில்லாம ஜன்னல் கம்பியில மாட்டி நானே முறுக்கினேன். எனக்கு வேணும். நல்லா வேணும்.

எங்க வீட்டுக்காரர் விடியறதுக்கு முன்னாடி அளத்துக்குப் போயி இருட்டினப்புறம் வர்றவரு. வீட்டுக்குள்ள நடக்கறது எதையும் நான் சொல்லல, அவளும் சொல்லல.

தை அமாவாசை வந்துச்சி. காலையில கடற்கரையில கூட்டம், அந்த வருஷம் எல்லார் வீட்லயும் பிண்டம் வைக்கச் செத்தவங்க யாரோ ஒருத்தர் இருந்தாங்க. சுனாமிக்கப்புறம் எங்க வீட்டுக்காரர் கடலைப் பாக்கறது அன்னைக்குத்தான். மணல்ல காலை வச்சதும் ஒரு நிமிஷம் நின்னுட்டாரு. அப்புறம் போய் உட்கார்ந்தாரு. தலையை மழிச்சிக்கிட்டாரு. சொன்னது எல்லாம் செஞ்சாரு. கடைசியில கயிறை அறுக்கப் பங்காளிங்க கத்தியோட குனிஞ்சாங்க. டக்குனு ரெண்டு கையாலயும் இடுப்பைப் பொத்திக்கிட்டாரு.

“வேணாம் சித்தப்பா. நான் முன்னாடியே சொன்னேன்.”

அப்பாவு சித்தப்பா கெஞ்சிப் பாத்தாரு, திட்டிப் பாத்தாரு. பங்காளிங்க ஒவ்வொருத்தனா கையைப் பிடிச்சி இழுத்தாங்க. அசையல. பின்னால பொம்பளைங்களோட நின்னுக்கிட்டு இருந்த பூவிழி திடீர்னு முன்னாடி நடந்தா. பொம்பளை அங்கெல்லாம் போற வழக்கம் இல்ல. யாரோ தடுத்தாங்க, அவ கேக்கல. அவர் எதிர்ல போய் மணல்ல மண்டி போட்டு உட்கார்ந்தா.

“நீங்க அனுப்பல மாமா. எனக்குத் தெரியும். கையை எடுங்க.”

அவர் அவளைப் பாத்தாரு. அப்புறம் கூட்டத்துல தேடி என்னைப் பாத்தாரு. நான் ஆமான்னு தலையை ஆட்டினேன். ரொம்ப நேரம் கழிச்சி ஒரு கையை எடுத்தாரு, அப்புறம் இன்னொரு கையை. எட்டு முடிச்சி போட்ட கயிறு, கத்தி பட்ட ஒடனே விட்டுடுச்சி.

பூவிழி அழுதா. நான் என் ஜென்மத்துல அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்ல. மணலை ரெண்டு கையாலயும் அடிச்சி, அவன் பேரைச் சொல்லி, “ஏன்யா போன, ஏன்யா போன”ன்னு அழுதா. ஒருத்தரும் தடுக்கல. தாலியை வேற யாரையும் தொட விடல, அவளே கழட்டிக் கையில பொத்தி வச்சிக்கிட்டா. குழந்தைசாமி மகளைத் தோள்ல சாய்ச்சிக்கிட்டு அவரும் அழுதாரு.

எங்க வீட்டுக்காரர் தலை முழுகிட்டு ஈரத்தோட வந்தாரு. நான் புதுக் கயிறை நீட்டினேன். வாங்காம என்னையே பாத்தாரு.

“ஏன்டி சொன்ன?”

“பின்ன எத்தினி நாளைக்குய்யா நீயே சுமப்ப? நான் கேட்டனா உன்னை, எனக்காகப் பொய் சொல்லுன்னு?”

“உனக்காவா சொன்னேன்?”னாரு. “அப்ப அவ நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆவல. இங்க உன்னை விட்டா அவளுக்கு யாருடி இருந்தா? என்னை வெறுத்தா வெறுத்துட்டுப் போறா, நான் அளத்துக்குப் போயிடுவேன். உன்னையும் வெறுத்துட்டா அந்தப் பொண்ணு யாரு கையால சோறு திங்கும்?”

ஒரு வருஷமா கல்லுன்னு நெனச்சிக்கிட்டு இருந்த மனுஷன் இடுப்புல கயிறைச் சுத்தி முடிச்சி போட்டேன். மூணு தடவை தப்பா போட்டேன். அவரே பிடிச்சிப் போட்டுக்கிட்டாரு.

வெயில் ஏறினதும் எல்லாரும் கிளம்பினோம். ஆம்பளைங்க முன்னாடி போனாங்க. நான் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு கடைசியில நடந்தேன். பூவிழி அப்பாவை விட்டுட்டு நின்னா. நான் பக்கத்துல வந்ததும் கூடவே நடந்தா. கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துது.

உப்பளத்து வரப்புக்கு வந்ததும், “வீட்ல சோறு இருக்குதாக்கா?”ன்னு கேட்டா.