அரைப்பேர்

நேசராணிக்குப் பின்கழுத்தில் தீக்கட்டை வைத்ததுபோல எரிந்தது. கூடைக்கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் ஒரு கையகலத்துக்கு முடியே இல்லை. அந்த இடத்திலிருந்து தோள்பட்டை வரை ஒரு நரம்பு காலையிலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை நாலரை மணி. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அவளுக்கு முன்னால் நின்ற ஆறு பெண்களும் போய், தராசு அவளிடம் வந்தது.

"பதினாறு," என்றார் கணக்கப்பிள்ளை.

"பதினாறரைங்க. முள்ள நல்லாப் பாருங்க."

"தண்ணிக்குக் கழிக்க வேணாமா? பதினெட்டு இல்ல. அரைப்பேரு. தள்ளு, அடுத்த ஆளு."

அந்தத் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. சொன்ன கிலோவைப் பறித்தால் கூலிப் பதிவேடான செக்ரோலில் முழுப்பேர். இரண்டு கிலோ குறைந்தால், விடிந்ததிலிருந்து அட்டைக்கடியில் நின்றிருந்தாலும் அரைப்பேர்தான். மத்தியானம் நேசராணி லயத்து வரிசைவீட்டுக்கு ஓடிப்போய்ப் புருஷனுடைய மூத்திரச் சட்டியை மாற்றிவிட்டு வந்தாள். அந்த இரண்டு கிலோ அங்கே போயிற்று. கணக்கப்பிள்ளைக்கும் அது தெரியும். தெரிந்து என்ன?

அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் புருஷன் பிலிப்பு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்த ஆள். இப்போது சிறுநீரகம் இரண்டும் போய், கால்கள் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தன. பதுளை ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"மொகம் ஏன் இப்புடி இருக்கு? அரைப்பேரா?" என்றான்.

"ஆமாங்க."

"இங்க வா, கழுத்தக் காட்டு." அவள் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொடுத்து முன்னால் உட்கார்ந்தாள். அவன் கையில் இன்னும் கொஞ்சம் பலம் இருந்தது. தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"நாளைக்கு மாசத்துல மொத ஞாயிறுதான? இராப்போசனம் இருக்குமே. பாஸ்டர் இங்க வரமாட்டேங்குறாரு. நீயாவது ஒரு கிண்ணத்துல வாங்கியாந்துரு புள்ள. ஒரு துண்டு பாணு, ஒரு மொடக்கு திராட்ச ரசம். நாலு மாசமாச்சு. அத வாங்காம எனக்குப் போக மனசில்ல."

பாஸ்டர் ஏன் வரவில்லை என்று நேசராணிக்குத் தெரியும். அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தாள்.

லயத்துக்கு மேலே, பாதை திரும்புகிற இடத்தில்தான் சபை. பதினாலு வருசத்துக்கு முன்னால் லுணுகலையிலிருந்து நடந்தே வந்த ஒரு கிழட்டு ஊழியக்காரர் இதே காம்பராவில்தான் ஆரம்பித்தார். சைக்கிள்கூட இல்லாத மனுசன். பிறகு துரையிடம் கெஞ்சி அந்தத் துண்டு நிலத்தை வாங்கினார்கள். வேலை விட்டு வந்து, ஆற்றிலிருந்து கல் சுமந்தவர்கள் எட்டுப் பேர். அஸ்திவாரத்துக்கு முதல் கல்லை முதுகில் கொண்டுவந்து இறக்கியவன் பிலிப்பு.

கிழவர் செத்த பிறகு பதுளையிலிருந்து பாஸ்டர் ரொஷான் வந்தார். வேனும் ஸ்பீக்கரும் வந்தன. வேதப் புத்தகத்தைத் திறப்பது குறைந்தது. சுவரில் வெளிச்சம் அடித்து ஒரு வசனம் காட்டுவார். அதிலும் முன்னால் பாதி, பின்னால் பாதி வெட்டியிருக்கும், கவ்வாத்துப் போட்ட தேயிலைச்செடி மாதிரி. மற்றதெல்லாம் அறுவடை, பெருக்கம், தலைமைச் சபைக்குக் காட்டவேண்டிய எண்ணிக்கை.

போன தைமாதம் ஒரு புது ஏற்பாடு வந்தது. "பரலோகத்துலயும் செக்ரோல் இருக்கு," என்றார் பாஸ்டர். "மாசம் ரெண்டு புது ஆத்துமா கொண்டாறவங்களுக்கு ஜீவபுஸ்தகத்துல முழுப்பேரு. கொறஞ்சா அரைப்பேரு. அரைப்பேருக்காரங்க இராப்போசனத்துக்குக் கர்த்தருடைய மேசைக்கு வர வேணாம்."

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இங்கே ஒருவர் சிரிக்கவில்லை. அப்பன் அரைப்பேர் வாங்கியவன், ஆத்தாள் அரைப்பேர் வாங்கியவள். பூமியில் இப்படி என்றால் வானத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று நம்ப அந்தச் சனத்துக்கு ஒரு நிமிசம்கூடத் தேவைப்படவில்லை. துரைமார் விதைத்ததைப் பாஸ்டர் அறுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

நேசராணியும் நம்பினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும். மாசியில் பக்கத்துக் காம்பரா ராசம்மாவையும் அவள் மகள் நிரஞ்சலாவையும் கையைக் காலைப் பிடித்துச் சபைக்கு இழுத்துப் போனாள். மாரியம்மனைக் கும்பிடுகிற ராசம்மா சிநேகிதத்துக்காக வந்து, இரண்டு மணி நேரம் கைதட்டிவிட்டு, வெளியே வந்ததும் கேட்டாள்:

"ஏண்டி நேசம், ஒங்க சாமி என்னைய எத்தன கிலோவுக்குப் போட்டுச்சு? தண்ணிக்குக் கழிச்சாங்களா?"

அடுத்த மாதத்திலிருந்து நேசராணிக்கு ஆளில்லை. படுக்கையில் கிடக்கிற பிலிப்புக்குத் தை முதலே இல்லை. இதை அவனிடம் எப்படிச் சொல்வது?

எண்ணெய் தேய்த்த கை நின்றது. "கெழவரு மொத மொத இங்க உக்காந்து என்ன கத சொன்னாருன்னு ஞாவகம் இருக்கா?" என்றான் பிலிப்பு. "தோட்டக்காரன் கத. விடியக் காத்தால வந்தவனுக்கும் ஒரு பேரு. மத்தியானம் வந்தவனுக்கும் ஒரு பேரு. அந்தி அஞ்சு மணிக்கு வந்து நின்னவனுக்கும் அதே முழுப்பேரு. அதக் கேட்டுத்தான் புள்ள நான் இந்த வழிக்கு வந்தேன். அப்புடி ஒரு தொரை இருக்காருன்னா அவரப் பாக்கணும்னு."

நேசராணிக்குக் கழுத்து எரிச்சல் மறந்துபோயிற்று. எழுந்து, அரிசி டின்னின் மேலிருந்த வேதப் புத்தகத்தை எடுத்தாள். மத்தேயு, இருபதாம் அதிகாரம். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தப் புத்தகத்தில்தான். வெட்டாமல், தாவாமல், விரலை வைத்து முழுக்கப் படித்தாள். காலையிலிருந்து உழைத்தவர்கள் முணுமுணுத்தார்கள் என்று இருந்தது. தோட்டக்காரன் அவர்களுக்குச் சொன்ன பதில் இருந்தது. அரைப்பேர் என்பது அதில் எங்கேயும் இல்லை.

"அடப்பாவிகளா," என்றாள்.

"யாரு புள்ள?"

"ஒண்ணுமில்லங்க. நாளைக்கு வாங்கியாறேன்."

ஞாயிறு காலை மூடிபோட்ட ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். சபையில் நாற்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் முழுப்பேர்க்காரர்கள், பின்னால் பாயில் மற்றவர்கள். மேசையில் வெட்டிய பாண் ரொட்டியும் திராட்சை ரசமும் இருந்தன. பாஸ்டருக்குப் பக்கத்தில் அஞ்சலின் பதிவுப் புத்தகத்தோடு நின்றாள். லயத்துப் பிள்ளைதான், பதுளையில் கணினி படித்தவள். அவள் பேர் கூப்பிட, கூப்பிட்டவர்கள் போய் வாங்கினார்கள். விடியற்காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிடுவது போலவே இருந்தது.

கடைசிப் பேரும் ஆனது. நேசராணி எழுந்து மேசைக்குப் போனாள்.

"நேசராணியக்கா, ஒங்க பேரக் கூப்புடலியே," என்றாள் அஞ்சலின்.

"எனக்கு வேணாம். எங்க வீட்டு ஆளுக்குத்தான். கெடையாக் கெடக்குறாரு. ஒரு துண்டு, ஒரு மொடக்கு." கிண்ணத்தின் மூடியைத் திறந்து நீட்டினாள்.

பாஸ்டர் சிரித்த முகத்தோடு மைக்கைத் தள்ளி வைத்தார். "அக்கா, ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு. அண்ணனுக்குத் தைமாசத்துல இருந்து ஒரு ஆத்துமாகூட இல்ல. அரைப்பேரு. ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா மத்தவங்க ஒழைப்பாங்களா?"

"இதையே நேத்து கணக்கப்பிள்ளையும் சொன்னாருங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாஸ்டர் முகம் மாறியது.

"நான் ஒண்ணு கேக்குறேன் பாஸ்டர். மத்தேயு இருபதுல, அஞ்சு மணிக்கு வந்தவனுக்குத் தோட்டக்காரரு அரைப்பேரா போட்டாரு?"

"அது வேற அர்த்தம் அக்கா. அதெல்லாம் படிச்சு வெளக்கணும்."

"வெளக்குங்க. புஸ்தகம் இந்தா இருக்கு. பாதி வசனம் வேணாம், முழுசா வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"சபையில கலகம் பண்றது பிசாசோட வேல," என்றார் பாஸ்டர், இப்போது மைக்கில். "ஒக்காருங்க!"

"தொரைமாருதான் எங்க பேர ரெண்டா ஒடைச்சாங்கன்னா, நீங்க கர்த்தருக்கும் செக்ரோல் எழுதக் கத்துக் குடுக்குறீங்க. நீங்க பாஸ்டரா, கணக்கப்பிள்ளையா? அவரு கிட்டயாவது தராசு இருக்கு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். கல் சுமந்த எட்டுப் பேரில் மூன்று பேர் உயிரோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பாயின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் மேற்கூரையைப் பார்த்தார். மூன்றாமவர் வாயில் இன்னும் பாண் இருந்தது, மென்றுகொண்டிருந்தார். அஞ்சலின் பதிவுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்பது போல. ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

நேசராணி கிண்ணத்தை மூடிக்கொண்டு இறங்கினாள்.

பிலிப்பு வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். பொத்தான் மாட்டிவிட்டது ராசம்மா. கிண்ணத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினான். நேசராணியால் பொய் சொல்ல முடியவில்லை. தைமாசத்துச் சங்கதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கை மெல்ல இறங்கியது.

"எங்க வீட்டுல காலையில வாங்குன பாணு இருக்கு," என்றாள் ராசம்மா வாசலிலிருந்து. "கொண்டாரட்டுமா அண்ணே? நான் ஒண்ணும் கணக்குப் பாக்கமாட்டேன்."

பிலிப்பு சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "நீ குடுப்ப தாயி. அது எனக்குத் தெரியும். ஆனா அது அங்கேருந்து வரணும். நான் கல்லு சொமந்த எடத்துலேருந்து வரணும்."

அதற்குப் பிறகு அவன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான். வியாழக்கிழமை காலை, பெரட்டுக்குத் தப்படிக்கிற நேரத்தில், மூச்சு நின்றது.

வெள்ளிக்கிழமை பெட்டியை இஸ்தோப்புத் திண்ணையில் வைத்திருந்தபோது வேன் வந்தது. பாஸ்டர் ரொஷான் கறுப்புக் கோட்டில் இறங்கினார். பின்னால் அஞ்சலின் போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலைமைச் சபை நேரடியாகப் பார்க்கிறதாம்.

"அக்கா, நடந்தத மறந்துருவோம்," என்றார் பாஸ்டர், கூட்டத்துக்குக் கேட்கிற குரலில். "அண்ணன் இந்தச் சபைய ஆரம்பிச்ச ஆளு. அவரு பேர நேத்தே முழுப்பேராப் போட்டாச்சு."

நேசராணி பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். "கொண்டாந்தீங்களா?"

"என்னத்தக்கா?"

"பாணும் ரசமும்."

பாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "செத்தவங்களுக்கு இராப்போசனம் குடுக்குறது வேதத்துல இல்லக்கா."

"வேதத்துல என்ன இருக்கு, என்ன இல்லன்னு இன்னைக்குத்தான் பொரட்டிப் பாத்தீங்களா?"

அஞ்சலின் போனைக் கீழே இறக்கினாள்.

"எறங்குங்க பாஸ்டர். எங்க ஆளுக்கு நீங்க ஜெபம் பண்ண வேணாம்."

"அக்கா, துக்கத்துல பேசுறீங்க..."

"அதான் எறங்குன்னு சொல்றால்ல!" என்றாள் ராசம்மா. "ஒரு கிண்ணம் குடுக்க வக்கில்ல, படம் புடிக்க வந்துட்டாங்க. போங்கய்யா!"

வேன் திரும்பிப் போயிற்று. சபையில் மென்றுகொண்டிருந்த மூன்றாமவர் முன்னால் வந்து பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கத் தோள் கொடுத்தார். நேசராணி அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. குழிமேட்டில் அவளே புத்தகத்தைத் திறந்து, தோட்டக்காரன் கதையை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் எழுத்து தட்டியது. நின்று, மறுபடி கூட்டிப் படித்தாள். ஒரு வரியையும் விடவில்லை.

பத்து நாள் கழித்து, மலைக்குப் போகிற வழியில் அஞ்சலின் எதிரே வந்தாள். கையில் அதே பதிவுப் புத்தகம். கண்ணைப் பார்க்காமல் கேட்டாள்:

"அக்கா, ரெண்டு ஞாயிறா வரல. பாஸ்டர் ஒங்க பேர வெட்டச் சொல்றாரு. என்னான்னு எழுதட்டும்?"

நேசராணி கூடைக்கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டாள். கழுத்து நரம்பு சுரீரென்று இழுத்தது.

"வெட்டிக்க. ஆனா வெட்டுறதுக்கு முன்னால ஒண்ணு எழுதிக்க. ஒங்க மேசை நிக்கிறது எங்க வீட்டு ஆளு சொமந்த கல்லு மேல. அவருக்கு ஒரு துண்டு பாணும் ஒரு மொடக்கு ரசமும் சபை குடுக்கணும். குடுக்கல. அது பாக்கி."